நெல்லு மேல நின்னாலும் கோழி ஏன் கெளறுது?

ஏய், இலையில வச்ச கீரையை ஓரமாத் தள்ளி, அது மேல அப்பளத்தை மூடி, யாரும் பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு எந்திரிக்கிற ஆளுங்களா! உங்களத்தான். அந்தப் பக்கம் என்ன பார்வை, இருளப்பா? உங்க அக்கா கல்யாணப் பந்தியில நீ சோத்தை மட்டும் கட்டுன கட்டு இருக்கே! கூட்டும் பொரியலும் வச்ச எடத்துலயே கெடந்து, எலை எடுக்க வந்த ஆளு ‘இது சாப்புட்ட எலையா, சாப்புடப் போற எலையா’ன்னு கொழம்பிப் போயி நின்னான்.

சத்துன்னா என்னன்னு பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுத்தாங்கதான். வாத்தியார் போர்டுல கட்டம் போட்டு மாவுச்சத்து, புரதச்சத்துன்னு எழுத ஆரம்பிச்சாரு. கொழுப்புக்கு வர்றதுக்குள்ள நான் பள்ளிக்கூடத்தை விட்டே கெளம்பிட்டேன். அதனால எனக்குத் தெரிஞ்சது ஒரு கோழிக் கதைதான். அந்த முறுக்குப் பொட்டலத்தை இப்படித் தள்ளிட்டுக் கேளுங்க.

அந்தக் காலத்துல வாய் இருந்ததெல்லாம் பேசுச்சு. ஆடு பேசுச்சு, ஆந்தை பேசுச்சு. தேளுகூட ‘கொட்டட்டுமா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் கொட்டும். அவ்வளவு மரியாதையான காலம்.

அப்ப செவலைன்னு ஒரு கோழி இருந்துச்சு. செம்மண்ணு நெறம், கழுத்துல மட்டும் கொஞ்சம் கறுப்பு. வேலியோரம், குப்பைமேடு, வாய்க்காக் கரைன்னு மேஞ்சுக்கிட்டுத் திரியும். இப்ப இருக்குற கோழிங்க மாதிரி சும்மா சும்மா கெளறாது. பசிச்சா ரெண்டு கெளறு. கெடைச்சதைத் தின்னுட்டுக் காலை மடிச்சு உக்காந்துரும். எங்கயாவது தானியம் செதறிக் கெடந்தா அந்தக் கெளறுறதும் கெடையாது. நின்ன எடத்துல நின்னு கொத்தும், ஏப்பம் விடும், போயிடும்.

செவலைக்கு ஒரே ஒரு ஆசைதான். ஒரு அடை முட்டை போட்டு, உக்காந்து குஞ்சு பொரிச்சு, பின்னாடி ஒரு வரிசை ‘கீச் கீச்’சுன்னு ஓடி வர, முன்னாடி தான் ராணி மாதிரி நடக்கணும். போன தடவை போட்ட முட்டையைக் கீரிப்புள்ள தூக்கிட்டுப் போயிடுச்சு. அதுக்கு முன்னாடி போட்டது மழைத் தண்ணியில போச்சு. அதனால பத்திரமா ஒரு எடம் வேணும்னு தேடிக்கிட்டே இருந்துச்சு.

அந்த ஊருல களஞ்சியம்னு ஒரு ஆளு. பேருக்கேத்த மாதிரி அந்த வருஷம் வெளைச்சல் கொட்டோ கொட்டுன்னு கொட்டிருச்சு. குதிர் நெறஞ்சு, திண்ணை, தெருவெல்லாம் மூட்டை அடுக்கி, மிச்சத்தை முத்தத்துல அம்பாரமாக் குமிச்சு வச்சிருந்தான். நல்ல மனுசன்தான். யாரு வந்தாலும் சாப்புடச் சொல்லுவான். ஆனா நெல்லு நெறைய நெறைய மண்டையில என்னமோ காலியாயிடுச்சு.

“என் வீட்டுல இனிமே சோறு மட்டும்தான்”னான். “வெஞ்சனம் கெடையாது. கொழம்பு, கீரை, கருவாடு எதுவும் அடுப்பேறக் கூடாது. தொட்டுக்கத் தேடுறவன் யாரு? சோறு பத்தாதவன். ஒரு வாய்ச் சோத்தை ரெண்டு வாயாக் காட்டுறதுக்கு ஏழைபாழை கண்டுபிடிச்ச தந்திரம்தான் வெஞ்சனம். எனக்கு எதுக்கு அது?”

நெல்லைக் குத்தி, தீட்டித் தீட்டி, மல்லிப்பூ மாதிரி வெள்ளையாக்கித்தான் ஒலையில போடச் சொல்லுவான். கொஞ்சம் செவப்பா இருந்தாக்கூட “என்ன இது, கூலிக்காரன் வீட்டுச் சோறா?”ன்னு கோவம் வந்துரும். தீட்டுன தவிடும், வடிச்ச கஞ்சியும் கொட்டாயில கட்டியிருந்த கெடாவுக்குப் போவும். அந்தக் கெடா பேரு கொம்பன். இலையோட அளவுக்குச் சோறு, அது மேல உப்புத்தண்ணி. இதுதான் களஞ்சியம் வீட்டு விருந்து.

அவன் பொண்டாட்டி வெள்ளையம்மா அப்ப முழுகாம இருந்தா. மொதப் புள்ள. “எம் புள்ளைக்கு வயித்துக்குள்ளயே வெள்ளைச் சோறு”ன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சான் களஞ்சியம்.

ஒரு நாள் குப்பைமேட்டுல செவலையைப் பாத்தவன் நின்னுட்டான்.

“ஏ கோழி, என்ன இந்த அழுக்குல? எங்க வீட்டுக்கு வா. நெல்லு அம்பாரத்து மேல உக்காந்து, நெல்லே தின்னு, நெல்லு மேலயே தூங்கு. ராஜா வீட்டுக் கோழிக்குக்கூட இந்த யோகம் கெடையாது.”

செவலை தலையைச் சாய்ச்சுப் பாத்துச்சு. “கீரிப்புள்ள வருமா?”

“நாலு பக்கமும் சுவரு. நாயி காவல்.”

“மழை ஒழுகுமா?”

“மேல பந்தல்.”

“எதுக்கு எனக்கு இவ்வளவும் செய்யுறீங்க?”

“அட, வர்றவன் போறவன் பாக்கணும்ல? ‘களஞ்சியம் வீட்டுல கோழிகூட அம்பாரத்து மேலதான் குந்தியிருக்கு’ன்னு பேசணும்ல? ஆனா ஒண்ணு. நீ மண்ணைக் கெளறக் கூடாது. என் வீட்டுக் கோழி மண்ணைக் கெளறுதுன்னு எவனாவது பாத்தான்னா, ‘என்னடா, களஞ்சியத்துக்கிட்டயே நெல்லு தீந்துபோச்சா?’ன்னு கேப்பான். என் மானமே போயிடும். சத்தியம் பண்ணு.”

செவலை வலது காலைத் தூக்கி அவன் உள்ளங்கையில வச்சுச்சு. “இந்தக் காலு இனிமே மண்ணைக் கெளறாது. சத்தியம்.”

அந்தக் காலத்துல சத்தியம்னா சத்தியம்தான், நம்மளை மாதிரி ‘நாளையிலேருந்து பீடியத் தொடமாட்டேன் மச்சான்’ங்கிற கதை இல்லை.

மொதக் கொஞ்ச நாளு செவலைக்குச் சொர்க்கம். கண்ணு முழிச்சா நெல்லு, கழுத்தைச் சாய்ச்சா நெல்லு. வெரலை நீட்டி மடக்கக்கூட வேலை இல்லை. கொட்டாயிலேருந்து கொம்பன் கிண்டல் பண்ணும்.

“என்னடி மகாராணி, இன்னைக்கு என்ன சாப்பாடு?”

“நெல்லு.”

“நேத்து?”

“நெல்லு.”

“நாளைக்கு ஏதும் மாறுமா?”

“பொறாமையில பேசாதடா. உனக்குப் பாரு, ஆளு தின்னு மிஞ்சுன தவிடு.”

“நான் தவிட்டைத் தின்னுட்டு வேலியோரம் போயி ஆவாரை, அகத்தி, ஆலங்குச்சின்னு எல்லாத்துலயும் ஒரு கடி கடிச்சுட்டு வர்றேன்”னு கொம்பன் தாடியை ஆட்டுச்சு. “இந்த வீட்டுல நல்லதெல்லாம் என் தொட்டிக்குத்தான் வருது. கொம்பைப் பாரு, மொகம் பாக்கலாம்.”

நெசமாத்தான், கொம்பு பளபளன்னு இருந்துச்சு. செவலைக்குத் தன் இறக்கை மேல கண்ணு போச்சு. செம்மண்ணு நெறம் மங்கி, பழைய தொடப்பக்கட்டை மாதிரி ஆயிருந்துச்சு. உடம்பு மட்டும் கொழுகொழுன்னு ஊதியிருந்துச்சு. ஆனா அம்பாரத்துலேருந்து எறங்கி நாலு எட்டு வச்சா மூச்சு வாங்குச்சு.

அப்புறம்தான் அந்த முட்டை வந்துச்சு.

காலையில வயித்தைப் பிசைஞ்சுச்சு. செவலை சந்தோசமா நெல்லுல ஒரு குழி பண்ணி உக்காந்துச்சு. முக்குச்சு, முனகுச்சு. வழக்கமா ‘டொக்’குன்னு விழும், விழுந்ததும் எந்திரிச்சு நின்னு ஊரையே எழுப்பிக் கத்தும். இந்தத் தடவை சத்தமே வரல. திரும்பிப் பாத்தா, முட்டை இருக்கு, ஓடு இல்லை. தண்ணி ஊத்திக் கட்டுன சின்னப் பை மாதிரி, தோலு மட்டும். மூக்கால மெதுவாத் தொட்டுச்சு. அப்படியே அமுங்கி, கிழிஞ்சு, நெல்லுக்குள்ள எறங்கிடுச்சு.

செவலை கத்தல. கத்துறதுக்கு என்ன இருக்கு?

அடுத்த முட்டையும் அப்படித்தான். அதுக்கடுத்தது வரவே இல்லை. களஞ்சியத்துக்கிட்ட போயிச் சொன்னதும் அவன் பதறித்தான் போனான். “அடடா, நெல்லு பத்தல போல!”ன்னு இன்னொரு மூட்டையைக் கொண்டாந்து அது தலை மேலயே கொட்டுனான்.

மத்தியான வெயிலு. களஞ்சியம் களத்துமேட்டுக்குப் போயிருந்தான். செவலைக்கு என்னமோ ஒரு அரிப்பு. பசி இல்லை, வயிறு முட்ட நெல்லு இருக்கு. ஆனா வாயி எதையோ தேடுது. எதைன்னு தெரியல. கண்ணு வீட்டுக்குப் பின்னாடி இருந்த சுண்ணாம்புச் சுவத்து மேலயே போச்சு. மண்ணைக் கெளறக் கூடாதுன்னுதானே சத்தியம்? சுவத்தைக் கொத்தக் கூடாதுன்னு யாரு சொன்னா?

மெதுவா எறங்கிப் போயி, சுவத்து மூலையில ஒரு கொத்து கொத்துச்சு. ஆகா! பொடிப்பொடியாச் சுண்ணாம்பு உதுந்துச்சு. இன்னொரு கொத்து. அப்பத்தான் கேட்டுச்சு, ‘கரக், கரக்’னு இன்னொரு சத்தம்.

எட்டிப் பாத்தா, சுவத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளையம்மா! நிறை வயித்தைக் கையால தாங்கிக்கிட்டு, நகத்தால சுவத்தைச் சொரண்டிச் சொரண்டி வாயில போட்டுக்கிட்டு இருந்தா.

ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துச்சு. வாயோரம் வெள்ளை. மூக்கோரம் வெள்ளை.

“அக்கா…”ன்னுச்சு செவலை.

“யார்ட்டயும் சொல்லிப்புடாத”ன்னா வெள்ளையம்மா. மொகமெல்லாம் வேர்த்துப் போச்சு.

“நான் எதைச் சொல்ல? நானும்தான் இங்க நிக்கிறேன்.”

வெள்ளையம்மாவுக்குச் சிரிப்பு வந்துச்சு. சிரிச்சுக்கிட்டே சுவத்துல சாஞ்சு உக்காந்தா. உக்காந்தவ எந்திரிக்க முடியாம அப்படியே பேசுனா. “எனக்கு என்ன கேடுன்னே தெரியல செவலை. அவரு ஊட்டி ஊட்டித்தான் விடுறாரு. ஒரு சட்டி சோறு திங்கிறேன். ஆனா படி ஏறுனா தலை சுத்துது. நாக்கைப் பாரு, வெளுத்துப் போயி சோத்து நெறத்துக்கே வந்துருச்சு. பல்லு வெளக்குனா ரத்தம். வெளக்கு வைக்கிற நேரமானா கண்ணு மங்கிருது, நேத்து வாசப்படியில தடுக்கி விழப் பாத்தேன். சாம்பலைப் பாத்தா திங்கணும் போல இருக்கு, மண்ணைப் பாத்தா திங்கணும் போல இருக்கு.”

“எனக்கு முட்டை ஓடு இல்லாம வருதுக்கா.”

“ஓடு இல்லாமயா?”

“தோலு மட்டும். தொட்டா ஒடைஞ்சுருது.”

வெள்ளையம்மாவோட கை தன்னால வயித்து மேல போயி நின்னுச்சு.

“செவலை, நீ எதை வச்சு ஓடு செய்யுவ?”

செவலை இதை யோசிச்சதே இல்லை. இப்ப யோசிச்சுச்சு. “வாய்க்காக் கரையில நத்தை ஓடு கெடக்கும், அதைக் கொத்துவேன். கிளிஞ்சலு, சின்னக் கல்லு. அப்புறம் கெளறும்போது புழு வரும், கரையான் வரும். ஒரு புல்லு மொளை, ரெண்டு எள்ளு. எது வருதோ அது.”

“அதெல்லாம் தின்னப்ப ஓடு இருந்துச்சா?”

“கல்லு மாதிரி.”

“இப்ப?”

“இப்ப நெல்லு மட்டும்”னு சொன்ன செவலைக்கு, சொல்லும்போதே வெளங்கிருச்சு. “அக்கா, நெல்லு வெறகு மாதிரிக்கா. அடுப்பு எரியும். சூடு இருக்கும், நடக்கலாம், கத்தலாம். ஆனா வெறகை மட்டும் வச்சு வீடு கட்ட முடியுமா? செங்கல்லு வேணும்ல? நான் உள்ள ஒரு வீடு கட்டணும். நீயும்தான் கட்டிக்கிட்டு இருக்க. நம்மகிட்ட மலை மலையா வெறகு இருக்கு, ஒத்தைச் செங்கல்லு இல்லை.”

“அதான் ரெண்டு பேரும் சுவத்தைத் திங்கிறமோ?”

“சுவத்தைத் தின்னு எத்தனை வீடு கட்டுறதுக்கா?”

அன்னைக்குச் சாயந்தரம் வெள்ளையம்மா புருசன்கிட்டக் கேட்டுப் பாத்தா. “ஏங்க, பின்னாடி முருங்கை தழைச்சு நிக்குது. ஒரு கைப்புடி கீரை, கொஞ்சம் பருப்பு…”

களஞ்சியத்துக்குக் கண்ணே கலங்கிருச்சு. “கீரையா? நான் உசுரோட இருக்கையில எம் பொண்டாட்டி கீரை பறிச்சுத் திங்கிறதா? ஏன் புள்ள, சோத்துல ஏதாவது குறை வச்சேனா?”

“சோத்துல குறை இல்லைங்க…”

“அப்ப இன்னும் கொஞ்சம் போடு”ன்னு அவன் இலையில இருந்ததையும் அள்ளி அவ இலையில வச்சான். பாசம்தான். பாசத்துல என்ன குறை? இலை முழுக்க வெள்ளையா நெறஞ்சு கெடந்துச்சு. அவ சாப்புட்டா.

வளைகாப்பு வந்துச்சு. களஞ்சியம் ஊரையே கூப்புட்டான். முத்தத்துல நெல்லு அம்பாரத்துக்கு மஞ்சத் துணி கட்டி, உச்சியில செவலையை உக்கார வச்சு, கழுத்துல பூ வேற. அம்பாரத்துக்கு முன்னாடி வெள்ளையம்மாவுக்கு மணை. சுத்தி வரிசையாப் பொம்பளைங்களுக்கு இலை, அந்தாண்ட ஆம்பளைங்களுக்கு. இலையில வெள்ளைச் சோறு மலை மலையா. வேற ஒண்ணும் இல்லை.

அம்பாரத்து உச்சியிலேருந்து பாத்தா எல்லாம் தெரியும்ல? செவலைக்கு ஒண்ணு வேடிக்கையாப் பட்டுச்சு. வந்திருந்த பொம்பளைங்க யாரும் சம்மணம் போட்டு நிமிந்து உக்காரல. எல்லாம் மடியைக் கையால பொத்திக்கிட்டு, குனிஞ்சு குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. ஆம்பளைங்க வேட்டி மடிப்புல என்னமோ புடைச்சுக்கிட்டு இருந்துச்சு. களஞ்சியம் அந்தப் பக்கம் திரும்புனா கை மடிக்குள்ள போவும். இந்தப் பக்கம் திரும்புனா வெறும் வாயி அசையும்.

வளையலு போட ஆரம்பிச்சாங்க. களஞ்சியத்தோட அக்கா மூக்கம்மா மொத வளையலைப் போட்டா. “கையைப் பாரேன், வெளுத்துப் போயி!”ன்னு முணுமுணுத்தா. ரெண்டாவது ஆளு போட்டா. மூணாவது ஆளு போடும்போது வெள்ளையம்மா எந்திரிச்சு கும்புடப் போனா. கண்ணு இருட்டிருச்சு. அப்படியே மணையோட சாஞ்சவளை மூக்கம்மா தாங்கிப் புடிச்சா.

“ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை! பசி!”ன்னு கத்துனான் களஞ்சியம். “சோறு! அந்தச் சோத்தைக் கொண்டா! ஊட்டுங்க!”

ஒரு கவளம் வெள்ளைச் சோறு வெள்ளையம்மா வாய்க்கிட்ட வந்துச்சு. அவ கண்ணைத் தெறந்தா. சோத்தைப் பாக்கல. அம்பாரத்து உச்சியில இருந்த செவலையைப் பாத்தா.

செவலைக்குத் தன்னோட அந்த முட்டை ஞாபகம் வந்துச்சு. தொட்டதும் கிழிஞ்சுதே, அது. சத்தியமும் ஞாபகம் வந்துச்சு. களஞ்சியம் உள்ளங்கையில காலு வச்ச சூடுகூட ஞாபகம் வந்துச்சு. ஒரு நிமிசம் அந்த வலது காலையே குனிஞ்சு பாத்துச்சு.

அப்புறம் ஓங்கி ஒரு கெளறு.

நெல்லு பறந்துச்சு. இன்னொரு கெளறு. மூக்கம்மா கொண்டை மேல நெல்லு. இன்னொண்ணு. ஆம்பளைங்க பந்தியில நெல்லு மழை. மஞ்சத் துணி கிழிஞ்சு, அம்பாரம் சரிஞ்சு, செவலை உள்ளுக்குள்ள எறங்கி எறங்கி, கடைசியில கீழ இருந்த மண்ணு தெரியிற வரைக்கும் கெளறுச்சு. தரை ஈரம். கொழுத்த மண்புழு ஒண்ணு நெளிஞ்சுச்சு. ‘லபக்’. வெளிறுன புல்லு மொளை. ‘லபக்’. எந்தக் காலத்து நத்தை ஓடோ ஒண்ணு. ‘கடக்’.

“ஐயோ என் மானம்!”னு களஞ்சியம் மொறத்தைத் தூக்கிக்கிட்டு வெரட்டுனான். செவலை பந்திக்குள்ள பூந்துச்சு. அவனும் பூந்தான். இலையில மிதிச்சான், சோத்துல வழுக்குனான். பொம்பளைங்க “ஏ யம்மா!”ன்னு துள்ளி எந்திரிச்சாங்க.

அங்கதான் வெனையே. எந்திரிச்சதும் மடியில இருந்ததெல்லாம் கீழ விழ ஆரம்பிச்சுச்சு.

ஒருத்தி மடியிலேருந்து வறுத்த நெத்திலிக் கருவாடு. இன்னொருத்தி சேலையிலேருந்து எள்ளுருண்டை, உருண்டு உருண்டு களஞ்சியம் கால்கிட்டயே போயி நின்னுச்சு. நெல்லிக்கா. வாழையிலையில மடிச்ச பருப்புத் தொவையல். ஆம்பளைங்க பக்கம் ஒரு வேட்டியிலேருந்து அவிச்ச முட்டை, அதுக்குப் பக்கத்து வேட்டியிலேருந்து முருங்கைக்கீரைப் பொரட்டல், சூடு ஆறாம. அவன் எப்படி அதைத் தாங்குனானோ, பாவம்.

முத்தம் ‘கப்சிப்’னு ஆயிடுச்சு. களஞ்சியம் மொறத்தை எறக்குனான்.

“என்ன இது?”

மூக்கம்மா கொண்டையிலேருந்து நெல்லைத் தட்டிவிட்டுக்கிட்டே முன்னாடி வந்தா.

“என்னன்னு கேக்குறியாடா தம்பி? இது எங்க வெஞ்சனம். உன் வீட்டுக்கு வர்ற எல்லாரும் மடியில கட்டிக்கிட்டுத்தான்டா வர்றோம். வரலைன்னா நீ வருத்தப்படுவ. வந்தா வெறுஞ்சோறு தொண்டையில எறங்க மாட்டேங்குது. நீ அந்தப் பக்கம் திரும்புனா ஒரு கடி, இந்தப் பக்கம் திரும்புனா ஒரு முழுங்கு. ஊரே உனக்குத் தெரியாம தொட்டுக்கிட்டுத்தான் திங்குது. நெசமாவே வெறுஞ்சோறு திங்கிறது இந்த ஊருல ரெண்டே பேருதான். நீயி, இந்தப் புள்ளை.”

“மூணு பேரு”ன்னுச்சு செவலை, நெல்லுக்குள்ளேருந்து தலையை நீட்டி.

களஞ்சியத்துக்குக் கோவம் தலைக்கேறிடுச்சு. நேரா செவலையைப் பாத்துக் கையை நீட்டுனான். “என் கையில அடிச்ச சத்தியத்தை மீறிட்டல்ல? கெளறுன காலு நிக்காம கெளறட்டும்! நெல்லு மலை மேலயே நின்னாலும் உன் காலு கெளறிக்கிட்டே இருக்கட்டும்! உன் குஞ்சும், குஞ்சோட குஞ்சும் கெளறட்டும்! இது என் சாபம்!”

எல்லாரும் பயந்து போயி செவலையைப் பாத்தாங்க. செவலை ஒரு நிமிசம் யோசிச்சுச்சு.

“குஞ்சோட குஞ்சும்னு சொன்னீங்களே, அண்ணே. அப்ப எனக்குக் குஞ்சு உண்டு. அது போதும். சாபத்தை நல்லாச் சத்தமா இன்னொரு தடவை சொல்லுங்க.”

ஆம்பளைங்க பந்தியில எவனோ ‘புளுக்’குனு சிரிச்சான். அது பத்திக்கிட்டு எல்லாரும் சிரிக்க, கொட்டாயில கொம்பன் சிரிக்க, மூக்கம்மா மடியில சாஞ்சிருந்த வெள்ளையம்மாவும் சிரிச்சா. அவ சிரிச்சதைப் பாத்ததும் களஞ்சியத்தோட கோவம் எங்கயோ போயிடுச்சு. அவ சிரிச்சு எத்தனை நாளாச்சுன்னு அவனுக்கே தெரியல.

“ஏங்க”ன்னு கூப்புட்டா அவ. “கால்கிட்டக் கெடக்குற அந்த எள்ளுருண்டையை எடுத்துக் குடுங்க.”

களஞ்சியம் குனிஞ்சான். எடுத்தான். மண்ணை ஊதுனான். ஊரே பாக்குது. கொஞ்சம் தயங்கிட்டு, பொண்டாட்டி வாயில வச்சான். அவ மெல்லுறப்ப எண்ணெய் உதட்டோரம் பளபளன்னு வந்துச்சு. அப்புறம் பருப்புத் தொவையலைப் பெசைஞ்சு ஒரு வாய். முள்ளோட நெத்திலி. கீரை. கீரைக்காரன் மிச்சத்தை வேட்டியிலேருந்து வழிச்சே குடுத்துட்டான்.

“மெதுவாத் தின்னு தாயி”ன்னா மூக்கம்மா. “சதை புடிக்கப் பருப்பும் மீனும். ரத்தம் ஊற, கண்ணு தெளியக் கீரை. பல்லு ஈறுக்கு நெல்லிக்கா.”

“அப்ப சோறு?”ன்னான் களஞ்சியம், பரிதாபமா.

“சோறும் வேணும்டா. யாரு வேணாம்னா? அடுப்பு எரியணும்ல?”

“அந்த வெறகுக் கதை என்னோடது”ன்னுச்சு செவலை.

களஞ்சியம் பந்தியில உக்காந்தான். அப்புறம் ஒரு நெத்திலியை எடுத்துச் சோத்தோட வச்சுக் கடிச்சான். கண்ணை மூடுனான். “அக்கா, இவ்வளவு நாளு என்னை விட்டுட்டா எல்லாரும் தின்னீங்க?”ன்னு கேட்டான் பாருங்க, அதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சதுல பந்தல் கம்பே ஆடிப் போச்சு.

மறுநாளு அவனே முருங்கை மரத்துல ஏறுனான். நெல்லைத் தீட்டுறதைப் பாதியோட நிறுத்தச் சொன்னான். கொம்பனுக்குத் தவிடு கொறைஞ்சு, ரெண்டு நாளு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்துச்சு. வெள்ளையம்மா மெல்ல மெல்ல நிறம் வந்து, வெளக்கு வைக்கிற நேரத்துலயும் படி தெரிஞ்சு நடந்தா. சுவத்து மூலை மட்டும் சொரண்டுனது சொரண்டுன மாதிரியே இருந்துச்சு. பூசலாம்னு களஞ்சியம் சொன்னதுக்கு, “இருக்கட்டும்”னுட்டா.

செவலையோட காலு சாபத்துப்படி நிக்கவே இல்லை. மண்ணுல கெளறும், சாணியில கெளறும், பாறை மேல நின்னாக்கூட ரெண்டு தடவை தேச்சுப் பாக்கும். ஒரு காலையில வாழையடியில உக்காந்து முக்குச்சு. ‘டொக்’!

அந்தச் சத்தம் கேட்டதும் வெள்ளையம்மா உள்ளேருந்து வந்தா. செவலை எந்திரிச்சு நின்னு முட்டையை மூக்கால தட்டிப் பாத்துச்சு. ‘டக் டக்’னு கேட்டுச்சு. அப்புறம் கத்துச்சு பாருங்க, ஊரே முழிச்சுக்கிச்சு. அந்த அடையில அத்தனையும் பொரிஞ்சுச்சு. குஞ்சுங்க வெளிய வந்த கையோட, மேலு ஈரம் காயுறதுக்கு முன்னாடியே, காலைப் பின்னுக்கு இழுத்து ஒரு கெளறு. வெள்ளையம்மாவுக்கும் பொண்ணு பொறந்துச்சு. அது அழுத அழுகையில கொம்பன் கயித்தை அத்துக்கிட்டு ஓடிருச்சு.

பேரு வைக்கிற விருந்துல களஞ்சியம் எல்லாருக்கும் இலை போட்டான். பழக்க தோசத்துல சோத்துச் சட்டியைத் தூக்கிக்கிட்டுத்தான் மொதல்ல வந்தான். மூக்கம்மா கரண்டியால அவன் கையில ஒண்ணு போட்டா. “உன்னை நம்ப முடியாதுடா தம்பி. சோத்தைப் பாத்தா உனக்கு மத்ததெல்லாம் மறந்துரும். உப்பு, கூட்டு, கீரை, பொரியலு, தொவையலு, எல்லாம் இலையில வந்து உக்காரட்டும். அதை நான் கண்ணால பாக்கணும். அப்புறம் நீ சோத்தைக் கொண்டா.”

அன்னையிலேருந்துதான் நம்ம பந்தியில வெஞ்சனமெல்லாம் மொதல்ல வந்து எடம் புடிச்சுக்கிது, சோறு கடைசியா வருது. அன்னையிலேருந்துதான் கோழி, நெல்லு அம்பாரத்து உச்சியில நின்னாக்கூட, ‘இது மட்டும் போதாது’ன்னு காலால தள்ளிட்டு அடியில என்ன இருக்குன்னு தேடுது.

என்னைப் பாக்குறீங்களா? மத்தியானம் எங்க அம்மா முருங்கைக்கீரை வச்சாங்க. அப்படியே வழிச்சுக் கோழிக்குப் போட்டது நான்தான்.